பிரேக்கில் தொடங்கும் பயிற்சிக்கே பணம் கட்டுங்கள்

கோயம்புத்தூரில் இருக்கும் என் அண்ணன் மகள் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ வாங்கியிருக்கிறாள். 265 பிஎஸ் சக்தி. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தொட 5.9 வினாடி போதும். நம்பர் பிளேட் மாட்டிய கையோடு போன் செய்தாள். "அத்தை, டிராக்ல ஓட்டக் கத்துத் தர்ற கோர்ஸ் நாலஞ்சு பாத்து வெச்சிருக்கேன். எதுல சேரட்டுங்க?"

அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி இப்போது பல வீடுகளில் இருக்கிறது. 200 குதிரைசக்திக்கு மேல் என்றாலே பென்ஸ், பிஎம்டபிள்யூ வாங்குகிறவர்கள் சமாச்சாரம் என்றிருந்த காலம் போய்விட்டது. மஹிந்திராவின் பிஇ 6 மின்காரில் பெரிய பேட்டரி உள்ள வகை 286 பிஎஸ் தருகிறது; அதுவும் பின்சக்கர இயக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் சாதாரணமாக நிற்கிற வண்டி அது. அப்பாவின் பழைய ஹேட்ச்பேக்கை ஓட்டிப் பழகியவர்கள் நேராக இதில் ஏறி உட்காருகிறார்கள்.

நான் ஓட்டக் கற்றது மாருதி 800-இல். அதன் சக்தி 37 குதிரை. அதை ஓட்ட ஆர்டிஓ கொடுத்த அதே லைசென்ஸ்தான், அதைப்போல ஏழு மடங்கு சக்தியுள்ள ஜிடிஐக்கும் செல்லும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைக் கடக்க யாரும் நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை. நாமாகத் தேடிப்போனால்தான் உண்டு. தேடிப்போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில் எனக்கு மிகுந்த பெருமை.

என் பதில் சின்னது. எந்தக் கோர்ஸில் உன் கால் பிரேக் மேல் அதிக நேரம் இருக்குமோ, அதில் சேர். எத்தனை லேப், எவ்வளவு வேகம், எந்த டிராக், சொல்லித் தருபவர் எத்தனை கோப்பை வாங்கியவர் என்பதெல்லாம் அதற்கப்புறம்.

ஏன் பிரேக்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல டயர், காய்ந்த தார்ச்சாலை. 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் முழு பிரேக் பிடித்தால் ஏறக்குறைய 40 மீட்டரில் நிற்கும். அதே கார் 140-இல் வந்தால்? வேகம் 40 சதவீதம்தான் கூடியிருக்கிறது. ஆனால் நிற்கத் தேவைப்படும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. அதனால் 78 மீட்டர் வேண்டும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். 100-இல் வரும் காரும் 140-இல் வரும் காரும் பக்கத்துப் பக்கத்து லேனில் ஒரே கோட்டில் பிரேக் பிடிக்கின்றன. முதல் கார் நின்றுவிட்டது. அது நின்ற இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் என்ன? பலரிடம் கேட்டிருக்கிறேன், 40 என்பார்கள், 60 என்பார்கள். சரியான விடை 98. முழு பிரேக்கும் பிடித்த பிறகு 98 கி.மீ. வேகத்தில் அந்த இடத்தைத் தாண்டும். 140-இன் வர்க்கத்திலிருந்து 100-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள், வந்துவிடும். நாம் பார்த்து, சுதாரித்து, காலை மாற்றும் நேரம் இதில் சேரவில்லை. அதை ஒரு வினாடி என்று வைத்தாலும் 140-இல் இன்னும் 39 மீட்டர் போய்விடும்.

பழைய கார் 120-ஐத் தொடுவதற்குள் எஞ்சின் அலறும், ஸ்டீயரிங் நடுங்கும், காற்று இரையும். புது கார் இதையெல்லாம் அடக்கிவைத்து, 140-ஐ 90 போலக் காட்டுகிறது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் வேகம் வரும் என்பதைக் கற்றுக்கொள்ள யாருக்கும் கோர்ஸ் தேவையில்லை. வந்த வேகத்தை எப்படி இறக்குவது என்பதற்குத்தான் பயிற்சி.

நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு தடவைகூட முழு பலத்தோடு பிரேக் பிடித்ததில்லை. தெருவில் அதற்கு இடமும் இல்லை. அவசரம் வரும்போது முதன்முதலாகப் பிடிக்கிறோம். ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கியதும் பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிர்கிறது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலைத் தளர்த்துகிறவர்கள் உண்டு. தளர்த்தினால் நிற்கும் தூரம் நீளும். போஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் 1978-இல் மெர்சிடீஸ் எஸ் கிளாஸில் வந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதால், முழு பிரேக்கில் இருக்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்பி விலகிப் போகவும் முடியும் என்பதுதான் அதன் பெரிய வரம். காலை விடாமல் அழுத்தியபடியே கையைத் திருப்புவது உடம்புக்குப் பழக்கமில்லாத காரியம். திரும்பத் திரும்பச் செய்தால்தான் பழகும். நல்ல பயிற்சி இதை முதல் மணி நேரத்திலேயே தொடங்கும்.

டயரிடம் இருப்பது ஒரே கையிருப்பு

பிரேக்குக்கு அடுத்து பயிற்சியில் கற்க வேண்டியது பிடிமானத்தின் கணக்கு. ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடுகிற பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். பிரேக் பிடிக்கவும், வளையவும், வேகமெடுக்கவும் அந்தச் சின்னப் பரப்பின் பிடிமானத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். மொத்தத்தையும் பிரேக்குக்குச் செலவழித்துவிட்டால் வளைய ஒன்றும் மிஞ்சாது. வளைவில் முழுதாகச் செலவழித்துக்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதற்கும் மிஞ்சாது.

ஜிடிஐ போன்ற முன்சக்கர இயக்கக் காரில் இப்படி மீறினால் முன்பக்கம் வழுக்கும். ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும். அண்டர்ஸ்டியர் என்பது இதுதான். பின்சக்கர இயக்கக் காரில் வளைவில் அவசரப்பட்டு மிதித்தால் பின்பக்கம் வெளியே வீசும். அது ஓவர்ஸ்டியர். வளைவின் நடுவில் பயந்து சட்டென்று காலை எடுத்தாலும் எடை முன்னால் சாய்ந்து, பின் டயர்கள் லேசாகி, எந்தக் காரிலும் பின்பக்கம் கிளம்பலாம். இதைப் படித்தால் மூளைக்குப் புரியும். உட்காரும் இடத்தின் வழியாக உடம்புக்குப் புரிய வேண்டுமென்றால், ஆபத்தில்லாத இடத்தில், குறைந்த வேகத்தில், பலமுறை வழுக்க விட்டுப் பார்க்க வேண்டும். ஈரத் தரையில் 40, 50 கி.மீ. வேகத்திலேயே இதெல்லாம் நடக்கும். அதனால்தான் தண்ணீர் தெளித்த திடலில் நடக்கும் ஒரு மணி நேரப் பயிற்சி, டிராக்கில் அரை நாள் சுற்றுவதைவிட அதிகம் கற்றுத்தரும் என்று சொல்கிறேன்.

இந்தப் பள்ளிகள் எப்படி வந்தன

ஜிம் ரஸல் 1957-இல் இங்கிலாந்தின் ஸ்னெட்டர்டனில் தொடங்கிய பந்தயப் பள்ளி இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒன்று. பின்னாளில் உலக சாம்பியனான பிரேசிலின் எமர்சன் ஃபிட்டிபால்டி அங்கே பயின்றவர். அமெரிக்காவில் பாப் பாண்டுரண்ட் 1968-இல் தன் பள்ளியைத் தொடங்கினார். அதற்கு முந்தைய வருஷம் வாட்கின்ஸ் க்ளென் டிராக்கில் அவருடைய காரின் ஸ்டீயரிங் பாகம் உடைந்து மிகக் கடுமையான விபத்து நேர்ந்தது. உடல் தேறிவந்த அந்த நாட்களில்தான் மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் யோசனை உருவானது. போர்ஷே 1974-இலும், பிஎம்டபிள்யூ 1977-இலும் தங்கள் வாடிக்கையாளர்களுக்கான பயிற்சியைத் தொடங்கின. சக்தியான காரை விற்கிறவர்களே, ஓட்டுகிறவரையும் தயார் செய்வது நம் பொறுப்பு என்று உணரத் தொடங்கிய காலம் அது.

நம் ஊருக்கும் இதில் பெரிய பங்குண்டு. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக்கைக் கட்டியது, 3.7 கி.மீ. நீளம், 12 வளைவுகள். கோவையில் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார்களை உருவாக்கி, ஒரு தலைமுறைக்கே வாசல் திறந்துவிட்டார். 1995-இல் விமான விபத்தில் இறந்த அவர் பெயரைத்தான் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே தாங்கி நிற்கிறது. ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான கோவையின் நரேன் கார்த்திகேயன், 1992-இல் பிரான்ஸின் வின்ஃபீல்டு பள்ளிக்குப் போய்ப் பயின்றவர். அவ்வளவு திறமையுள்ளவரும் ஒரு பள்ளியில் உட்கார்ந்து கற்றார் என்பதை, "எனக்கு ஓட்டத் தெரியும்" என்று சொல்லும் தம்பிகளிடம் நான் தவறாமல் சொல்வேன்.

நான்கு வகை, நான்கும் வேறு வேறு

விளம்பரத்தில் எல்லாமே ஒன்றுபோலத் தெரியும். உள்ளே போனால் நான்கு வகை இருக்கிறது.

முதலாவது, கார் நிறுவனங்கள் நடத்தும் அனுபவ நாள். அவர்கள் கார், அவர்கள் டயர், நல்ல உபசரிப்பு. முன்னால் ஒரு பயிற்சியாளர் கார் போகும், பின்னால் வரிசையாக நாம் போவோம். டிராக்கைப் பார்க்கவும் காரின் எல்லையை லேசாக ருசிக்கவும் நல்ல வாய்ப்பு. ஆனால் பெரும்பாலும் அந்த நாளின் நோக்கம் காரை அறிமுகப்படுத்துவது. அழைப்பு வந்தால் போகலாம். அதுவே பயிற்சி என்று எண்ணி நிறுத்திக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, பந்தய வீரர்கள் நடத்தும் பள்ளி. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் இப்படிப் பயிற்சிகள் நடக்கின்றன. ஒற்றை இருக்கைக் காரிலோ, பந்தயத்துக்கு மாற்றியமைத்த காரிலோ ஓட்டுவோம். பந்தயத்தில் இறங்க ஆசை இருந்தால் இதுதான் வழி. போட்டியில் கலந்துகொள்ள, இந்திய மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்எம்எஸ்சிஐ கூட்டமைப்பின் லைசென்ஸ் வேண்டும். அதற்குப் பள்ளிகள் வழிகாட்டும். ஆனால் ஸ்டார்ட் எடுப்பது, முந்துவது, தற்காப்பது ஆகியவற்றுக்கு நேரம் போகும். சொந்தக் காரைச் சாலையில் நன்றாக ஓட்டினால் போதும் என்பவருக்கு அந்தப் பாதி தேவைப்படாது.

மூன்றாவது, கார் கட்டுப்பாட்டுப் பயிற்சி. பெரிய திடல், ஆரஞ்சு கோன்கள், முடிந்தால் ஈரத் தரை. முழு பிரேக், பிரேக்கோடு விலகல், கோன்களுக்கிடையே வளைந்து வளைந்து ஓட்டும் ஸ்லாலம், வழுக்கலிலிருந்து மீட்பு. வேகம் பெரும்பாலும் 80-ஐத் தாண்டாது. போட்டோவில் எடுபடாது. சக்தியான கார் வாங்கிய எவரும் முதலில் சேர வேண்டியது இதில்தான்.

நான்காவது, டிராக் டே. நுழைவுக் கட்டணம் கட்டி, சொந்தக் காரை எடுத்துக்கொண்டு டிராக்கில் ஓட்டலாம். இதைக் கோர்ஸ் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். இது பயிற்சி பெற்றவர்கள் பழகிப் பார்க்கும் இடம். சொல்லித் தர யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். முதல் அனுபவமாக இது வேண்டவே வேண்டாம்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

கூச்சப்படாமல் போன் செய்து கேளுங்கள். பதில் சொல்கிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? அவர் பக்கத்து சீட்டில் உட்காருவாரா, வாக்கிடாக்கியில் பேசுவாரா? பக்கத்தில் உட்காருபவரே வேண்டும். உங்கள் கண் எங்கே பார்க்கிறது, கை ஸ்டீயரிங்கை எப்படிப் பிடித்திருக்கிறது, காலை எப்போது எடுக்கிறீர்கள் என்பதை முன்னால் போகும் காரிலிருந்து பார்க்க முடியாது.

காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஐந்துக்குப் போகிறோம் என்றால், அதில் ஸ்டீயரிங் என் கையில் இருக்கும் நேரம் எவ்வளவு? இதற்கு நிமிடக் கணக்கில் பதில் சொல்கிறவர்களை நம்பலாம். ஒரு காருக்கு நான்கு பேர் என்றால் உங்கள் பங்கு கால்வாசி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் நாளே லேப் டைம் எடுப்பீர்களா? ஆமாம் என்றால் யோசியுங்கள். கடிகாரம் ஓடத் தொடங்கிய நிமிடமே மாணவர் கற்பதை விட்டுவிட்டுப் பந்தயம் ஓட்டத் தொடங்குவார். அதேபோல, காரின் ஸ்திரத்தன்மைக் கட்டுப்பாட்டை முதல் பயிற்சியிலேயே அணைக்கச் சொல்கிறவர்களிடமும் எச்சரிக்கை தேவை. ஈரத் திடலில் மெதுவான வேகத்தில் அணைப்பது வேறு, டிராக்கில் அணைப்பது வேறு.

ஆம்புலன்ஸும் மருத்துவரும் அங்கேயே இருப்பார்களா? தீயணைப்பான்களோடு மார்ஷல்கள் இருப்பார்களா? கொடி விளக்கம் உண்டா? மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது. இதைச் சொல்லித்தராமல் யாரையும் டிராக்கில் விடக் கூடாது.

ஹெல்மெட் தருவீர்களா? பைக் ஹெல்மெட்டும் கார்ப் பந்தய ஹெல்மெட்டும் ஒன்றல்ல. ஸ்னெல் தரச்சான்றில் கார்களுக்கான எஸ்ஏ வகை தீயையும் தாங்குகிறதா என்று சோதிக்கப்பட்டது. பைக்குக்கான எம் வகையில் அந்தச் சோதனை கிடையாது.

யாருடைய கார்?

அண்ணன் மகள் அடுத்துக் கேட்டது இது. "எங்கார்ல ஓட்டுனாத்தானே எங்காரு பழகும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் முதல் நாள் பயிற்சியை அவர்களுடைய காரில், அதுவும் சக்தி குறைந்த சின்னக் காரில் செய்யச் சொன்னேன். சொந்தப் புதுக் காரில் உட்கார்ந்தால் மனசில் பாதி, கோன் உரசி பெயின்ட் போய்விடுமோ என்பதிலேயே இருக்கும். பயத்தோடு பிடிக்கும் பிரேக் முழு பிரேக் ஆகாது. இன்னொரு காரணம், சக்தி அதிகமுள்ள கார் தவறுகளை மறைத்துவிடும். வளைவுக்குள் தப்பாக நுழைந்து வேகத்தை இழந்தாலும் அடுத்த நேர்ப்பாதையில் ஆக்ஸிலேட்டர் அதைச் சரிக்கட்டிவிடும். சின்னக் காரில் இழந்த வேகம் இழந்ததுதான். எங்கே தப்பு செய்தோம் என்று உடனே தெரியும். அதே காரணத்துக்காக கோ-கார்ட்டையும் சிபாரிசு செய்கிறேன். இருங்காட்டுக்கோட்டை டிராக்கை ஒட்டியே இப்போது கார்ட்டிங்குக்கென்று தனி டிராக் இருக்கிறது. ஒரு மாலை நேரச் செலவில் பார்வையும் பிரேக்கும் எவ்வளவு முக்கியம் என்று புரிந்துவிடும்.

அதற்கப்புறம் சொந்தக் கார். எடுத்துப் போவதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன. கையேட்டில் சொன்ன ரன்-இன் தூரத்தை முடித்திருக்க வேண்டும். பிரேக் ஆயிலை மாற்றிவிட வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். ஆளோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் 180 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு தடவை நின்றால் பிறக்கும் வெப்பம், ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். டிராக்கில் ஒவ்வொரு லேப்பிலும் பலமுறை பிரேக் பிடிக்கிறோம். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் திரவம். ஈரம் ஏறியபின் தரநிலை கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் வரும், பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், கார் நிற்காது. நம்முடைய கடலோர ஈரக்காற்றில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

பிரேக் பேடின் தடிமன், வீல் போல்ட்டுகளின் இறுக்கம், டயர் காற்று, இவற்றையும் சரிபார்க்க வேண்டும். ஓட்ட ஓட்ட டயர் சூடாகிக் காற்றழுத்தம் ஏறும் என்பதால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அளக்க வேண்டும். தரை விரிப்பு, தண்ணீர் பாட்டில், டேஷ்போர்டு பிள்ளையார் உட்பட ஆடக்கூடிய எல்லாவற்றையும் இறக்கிவைக்க வேண்டும். ஓட்டம் முடியும்போது கடைசி லேப்பை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிட வேண்டும். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட வேண்டும், டிஸ்க் கொதித்துக்கொண்டிருக்கும்.

மின்கார் வைத்திருப்பவர்களுக்குச் சிலது கூடுதலாக. பேட்டரியின் எடையால் பிரேக்கும் டயரும் அதிகம் உழைக்கும். பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் ரீஜென் குறைந்துவிடும்; காலை எடுத்ததும் கிடைத்துவந்த தடை அன்றைக்குக் கிடைக்காது. பேட்டரி சூடேறினால் கார் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளலாம். டிராக்கில் சார்ஜர் இருக்கிறதா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இன்சூரன்ஸ்

இதை எழுதாமல் விட்டால் என் மனசு ஆறாது. உங்கள் கார் பாலிசியை எடுத்து, பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் படியுங்கள். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, பேஸ் மேக்கிங், ரிலையபிலிட்டி டிரையல் ஆகியவற்றுக்குப் பாலிசி செல்லாது என்று இந்தியாவின் வழக்கமான கார் பாலிசிகளில் இருக்கும். பயிற்சி என்பது அதில் சேருமா சேராதா என்பதை நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. கம்பெனிக்கு எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாரண்டியும் அப்படியே, டிராக்கில் ஏற்பட்ட சேதத்தை ஏற்காத நிறுவனங்கள் உண்டு. பள்ளி நீட்டும் பொறுப்புத் துறப்புப் படிவத்தைக் காலையில் வரிசையில் நின்று அவசரமாகக் கையெழுத்திடாமல், முன்பே மின்னஞ்சலில் வாங்கிப் படியுங்கள். அவர்களுடைய காரை இடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அதில்தான் இருக்கும்.

செலவைக் கூட்டும்போது கோர்ஸ் கட்டணத்தோடு நிறுத்தாதீர்கள். சொந்தக் காரில் என்றால் டயரும் பேடும் தேயும். அந்தத் தொகையையும் சேர்த்துப் பார்த்தால், முதல் நாள் பள்ளியின் காரில் கற்பது இன்னும் நல்ல முடிவாகத் தெரியும்.

எப்போது போகலாம்

சித்திரை, வைகாசியில் இருங்காட்டுக்கோட்டைத் தார் கொதிக்கும். ஹெல்மெட்டுக்குள் மூளை வேலை செய்யாது. டயரும் பிரேக்கும் சீக்கிரம் களைத்துவிடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான காலை நேரம்தான் சொந்தக் காருக்கு ஏற்றது. கார் கட்டுப்பாட்டுப் பயிற்சிக்கு மட்டும் மழைக்காலத்தை விடாதீர்கள். ஐப்பசியில் பதிவு செய்துவிட்டு, அன்றைக்கு மழை வந்தால் தேதியை மாற்றச் சொல்லாமல் போங்கள். ஈரத் தரையை இயற்கையே இலவசமாகத் தருகிறது.

அவளுக்குச் சொன்ன வரிசை

முதலில் ஒரு மாலை கார்ட்டிங். அடுத்து, பயிற்சியாளர் பக்கத்தில் உட்காரும் ஒரு முழுநாள் கார் கட்டுப்பாட்டுப் பயிற்சி, அவர்களுடைய காரில். பிறகு சில மாதம் வழக்கமான சாலையில், கற்றதைப் பழகும் காலம்: சீட்டில் சரியாக உட்காருவது, கைகளைக் கடிகாரத்தின் ஒன்பதிலும் மூன்றிலும் வைப்பது, பானெட்டுக்கு முன்னால் பார்க்காமல் வளைவின் முடிவைத் தேடிப் பார்ப்பது, வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துக்கொள்வது. வால்பாறை ஏறும்போது இந்த நான்கும் உதவும், வேகமே இல்லாமல்.

அதற்கப்புறம் தன் ஜிடிஐயோடு கரி ஸ்பீட்வே. வீட்டுக்குப் பக்கம். 2 கி.மீ.யை ஒட்டிய சின்ன டிராக் என்பதால் நீண்ட நேர்ப்பாதையின் பெருவேகம் இருக்காது. வளைவும் பிரேக்கும் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். கற்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அது கைவந்த பிறகு இருங்காட்டுக்கோட்டை. அங்கே முக்கிய நேர்ப்பாதை முடிந்ததும் வரும் முதல் வளைவு வேகமானது, பிரேக் பற்றித் தெளிவு வந்தபிறகே அதை நெருங்க வேண்டும். கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில் 5.125 கி.மீ. சுற்றும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர்ப்பாதையும் இருக்கின்றன. ஃபார்முலா ஒன் 2011 முதல் 2013 வரை ஓடிய இடம். ஆசைப்படலாம். அவசரம் வேண்டாம்.

"இவ்வளவும் செய்யணும்ங்களா அத்தை? ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைக்கும்னா?" என்று கேட்டாள்.

ஒரே நாள்தான் என்றால் டிராக்கை விட்டுவிடு கண்ணு, திடலுக்குப் போ என்றேன். டிராக்கில் எதிரே வண்டி வராது, குறுக்கே ஆடு வராது, பள்ளிப் பிள்ளை சைக்கிளில் திரும்பாது. நாம் வருஷம் முழுக்க ஓட்டும் அவிநாசி சாலையிலும் ஈசிஆரிலும் இவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். 265 குதிரையைக் காசு கொடுத்து வாங்கியவர், அவர்களுக்கு முன்னால் அந்தக் குதிரைகளை நிறுத்தக் கற்றிருக்க வேண்டும். அதைச் சொல்லித்தரும் கோர்ஸ்தான் நல்ல கோர்ஸ். கட்டணம் எவ்வளவாக இருந்தாலும், காருக்குப் போட்ட பணத்தோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகைதான். அலாய் வீலுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் ஒதுக்கிவைத்த பணத்தை எடுத்து முதலில் இதற்குக் கட்டுங்கள்.